ஒன்பது வலையும் என் ஒரு வலையும்

என் தங்கச்சிக்கு மாதம் பிறந்தால் காசு வரும். எனக்குக் கடலில் மீன் பட்டால் மட்டும்தான் வரும். மூன்று வருஷம் நான் வயிறெரிந்து திரிந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. கேட்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். பக்கத்து வளவில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

இரண்டு பேரும் ஒரே அளவு முதலோடுதான் தொடங்கினோம். வாப்பா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு சவளக்கடைப் பக்கம் இருந்த அவருடைய வயலை விற்றார்கள். வாப்பாவின் தம்பிமாரான சாச்சாமாருக்குச் சேரவேண்டியது போக, எனக்கும் அவளுக்கும் சமமான இரண்டு பங்கு வந்தது. உம்மா அதற்கு முன்பே போய்விட்டார். ஆண் பிள்ளை இல்லாத வீடு, ஆகவே எங்களுக்குள் பிடுங்குப்பட வேறு ஆளும் இல்லை.

இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் கல்முனைப் பக்கத்தில், பெண்ணுக்கு ஒரு வீடு கட்டிவைக்காமல் கல்யாணப் பேச்சு எடுக்க முடியாது. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்துதான் இருப்பார். சீதனம் என்றால் முதலில் வீடு, மற்றதெல்லாம் பிறகு. உம்மா தன் வளவை இரண்டாக்கி எனக்கொரு வீடும் தங்கச்சிக்கொரு வீடும் தந்திருந்தார். நடுவில் கிடுகு வேலி, அதில் ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவு ஒரு கடப்பு. என் மகளுக்கு அப்போது பதினொரு வயது, அவளுடைய மகளுக்குப் பத்து. ஆறேழு வருஷத்துக்குள் இரண்டு பெண்களுக்கும் ஆளுக்கொரு கல்வீடு எழும்பவேண்டும். கையில் இருந்த காசை அப்படியே கல்லுக்கும் சீமெந்துக்கும் கொட்டினால் அரைச்சுவரோடு நின்றுவிடும். முதல் அசையாமல் இருக்கவேண்டும், அது ஈனுகிற இலாபத்தில் வீடு வளரவேண்டும். அதுதான் கணக்கு.

பேங்கில் போட்டால் வட்டி. அது ஹராம் என்பதில் எங்கள் குடும்பத்தில் இரண்டு பேச்சு இல்லை. வியாபாரத்தில் பங்கு என்றால் ஹலால், ஆனால் இலாபத்தில் பங்கு கேட்கிறவர் நட்டத்திலும் பங்கு ஏற்கவேண்டும். இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். எனக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது.

எழுபத்தெட்டாம் ஆண்டுப் புயல் கரையில் கிடந்த தோணிகளையும் வலைகளையும் வாரிக்கொண்டு போயிருந்தது. கரைவலை ஒற்றை ஆள் தொழில் இல்லை. தோணியில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டு, இரு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று முப்பது நாற்பது பேர் இழுப்பார்கள். மீனை மணலிலேயே கூறு வைத்து ஏலம் விடுவார்கள். செலவு போக மிஞ்சுவதில் பாதி இழுத்தவர்களுக்கு, பாதி வலைக்கு. புயலுக்குப் பிறகு புது நைலோன் வலை வாங்க முதலாளிமாரிடம் காசு இல்லை. ஆகவே ஊருக்குள் வந்து வலையில் பங்கு விற்றார்கள். கால் பங்கு வாங்கினால், வலைக்கு வரும் பாதியில் கால்வாசி நமக்கு. எங்கள் காசுக்கு அது அளவாக இருந்தது.

அந்த நாட்களில்தான் கருவாட்டுக் கடைக் காக்கா தங்கச்சி வீட்டுக்கு வந்தார். கடைத்தெருவில் கருவாடு விற்கிறவர், அண்ணன் முறை வைத்து ஊரே அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடும், பேச்சில் மெதுவானவர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் கணக்குக் கொப்பி இருக்கும். ஊர்ப் பெண்களிடம் இருக்கிற சிறு தொகைகளைச் சேர்த்து, எங்கள் கரையில் இருந்த ஒன்பது வலைகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு வாங்கப் போவதாகச் சொன்னார். நான் கடப்பால் நுழைந்து தங்கச்சியின் குசினி வாசலில் நின்று கேட்டேன். என் வீட்டுக்காரர், கடைத்தெருவில் தையல் மெசின் போட்டிருந்தவர், முற்றத்தில் இருந்தார்.

"ஒரு வலையில மட்டும் போட்டா, அந்த வலை கிழிஞ்ச அண்டைக்கு ஒங்கட வரும்படியும் நிண்டிரும் தங்கச்சி. ஒம்பதுலயும் போட்டா ஒரே நாள்ல ஒம்பதும் கிழியாது. மீன் வடக்கால பட்டாலும் நமக்கு, தெற்கால பட்டாலும் நமக்கு" என்றார் காக்கா.

என் வீட்டுக்காரர் அதை விடவில்லை. "ஒம்பதும் ஒரே கடல்தானே காக்கா. வாடைக் காத்து தொடங்கினா ஒம்பதும் கரையிலதான் கிடக்கும். அப்ப என்ன செய்ற?"

"சரியான கேள்வி. அதுக்குத்தான் மீன் நல்லாப் படுற மாசத்துல முழுசையும் பிரிச்சிக் குடுக்க மாட்டன். ஒரு பங்கைப் பொட்டியில வெப்பன். வாடை மாசத்துல அதுல இருந்து தருவன். பொட்டியும் காலியானா, இல்லையெண்டு சொல்லுவன். மூடி மறைக்க மாட்டன்."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். அவள் எதற்கும் என்னைப் பார்ப்பாள். அவளுடைய மாப்பிள்ளைக்கு மூச்சு இழுப்பு நோய், நல்ல மாதங்களில் வேலி கட்டப் போவார், பனிக் காலத்தில் பாயை விட்டு எழும்பமாட்டார். அவளுக்கு மாதாமாதம் ஏதாவது வந்தால்தான் பானை கொதிக்கும், மீதத்தில்தான் கல் வாங்கலாம். இது எனக்கு விளங்கியது. விளங்கியும் நான் என்ன சொன்னேன் என்றால், "எனக்கு ஒம்பது வீட்டுச் சோத்துல ஒவ்வொரு பிடி வாணாம் தங்கச்சி. ஒரு வீட்டுல இருந்து வயிறாரத் திம்பன். நான் பெரிய வலையிலதான் போடப்போறன்" என்றேன். அவள் சிரித்தாள். அவள் காசைக் காக்காவிடம் கொடுத்தாள், நான் என் காசைக் கரையிலேயே நீளமான வலை வைத்திருந்தவரிடம் கொடுத்துக் கால் பங்கு வாங்கினேன்.

அந்த வலை முதலாளிக்குக் கைராசிக்காரர் என்று பேர். அது பொய்யில்லை. முதல் வருஷம் சித்திரை கழிந்து இரண்டாம் கிழமையே பாரை மீன் ஒரு கூட்டம் வலைக்குள் வந்து விழுந்தது. பெண்கள் கரைக்குப் போவதில்லை. வீட்டில் இருந்தபடியே சத்தம் கேட்டோம். அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்கு என் வீட்டுக்காரர் இடுப்பில் உடுத்திருந்த வெள்ளைச் சாரத்தின் மடிப்பில் காசைக் கட்டிக்கொண்டு வந்தார். தங்கச்சிக்கு அந்த மாதம் கிடைத்தது அதில் பத்தில் ஒன்றுகூட இல்லை. நான் ஒரு சோடி தங்கக் காப்பு வாங்கினேன், ஒரு லொறி கல் இறக்கினேன். கல்லை எங்கே அடுக்கச் சொன்னேன் தெரியுமா, வேலியோரமாக, அவளுடைய குசினிக்கு நேர் எதிரே. அவள் கடப்பால் வந்து கல்லைத் தடவிப் பார்த்து, "மாஷா அல்லாஹ் ராத்தா, நல்ல சிவந்த கல்" என்றாள். அதில் ஒரு துளி பொறாமை இருந்திருந்தால் எனக்கு அந்த நாள் பூரணமாகி இருக்கும். ஒன்றும் இல்லை. அதுவே எனக்குச் சினத்தைக் கிளப்பியது.

பிறகு என் வலைக்கு என்ன வந்ததோ தெரியாது. ஒன்றரை மாதம் சருகும், பட்டால் உடம்பு அரிக்கிற சொறிமுட்டையும்தான் ஏறியது. மீன் எல்லாம் எங்கள் கரையின் தெற்கே சாய்ந்தமருதுப் பக்கமாக இருந்த வேறு வலைகளுக்குப் போனது. நான் குசினியில் இருந்தபடி வலை முதலாளியையும் கடலையும் ஒன்றாகத் திட்டினேன். அந்த வேறு வலைகளில்தான் தங்கச்சிக்கும் பங்கு இருந்தது.

மாதம் பிறந்து முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் காக்கா சைக்கிளில் வருவார். அவர் மணி அடிப்பதே ஒரு தினுசாக இருக்கும், இரண்டு தடவை, இடையில் கொஞ்சம் நிறுத்தி. அந்த மணி கேட்கும்போது நான் எங்கே இருந்தாலும் என் கை நின்றுவிடும். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தால் கத்தி நிற்கும். அவர் காசைக் கடுதாசியில் மடித்து, கொப்பியில் உள்ளதை வாசித்துக் காட்டி, தங்கச்சி மாப்பிள்ளையின் கையில் கொடுப்பார். தங்கச்சி அதை இரண்டாகப் பிரிப்பாள். ஒன்று வீட்டுக்கு, ஒன்று கல்லுக்கு. ஐம்பது கல், நூறு கல் என்று வாங்குவாள். என் லொறிக் கல்லைப் போல இல்லை. மாட்டு வண்டியில் கொஞ்சம், சிலநேரம் தலையில் சுமந்தும் வரும்.

வாடைக் காலம் வந்தது. ஒன்பது வலையும் கரையில், என் வலையும் அதில் ஒன்று. எனக்கு மூன்று மாதம் ஒரு சதக் காசும் இல்லை. சாரத்தின் மடிப்பில் வந்த காசு எப்படிப் போனது என்று கேட்டால் எனக்கே தெரியாது. மொத்தமாக வந்தது, மொத்தமாகவே போய்விட்டது. வீட்டுக்காரருக்கு மழைக்குத் தையல் வேலையும் இல்லை. காப்பு இரண்டையும் வாங்கிய விலைக்குக் குறைவாக விற்றேன். அந்த மாதங்களிலும் சைக்கிள் மணி அடித்தது. பெட்டியில் வைத்திருந்ததைக் காக்கா கொண்டுவந்து கொடுத்தார். தங்கச்சி ஒரு கோப்பையில் மாட்டிறைச்சிக் கறி வைத்து மூடி, கடப்பால் நீட்டினாள். "மச்சானுக்கு விருப்பம் எண்டு கொஞ்சம் உறைப்பாச் சமைச்சன் ராத்தா." அந்தக் கோப்பையைத் தூக்கி எறியவேண்டும் போல இருந்தது. எறியவில்லை. தின்றேன், அதுவும் எலும்பைச் சூப்பித் தின்றேன்.

இரண்டாம் வருஷமும் இதே கதைதான். எனக்கு ஒரு பெரிய மீன்பாடு, பிறகு வெறுமை. அவளுக்கு மாதாமாதம். ஒரு நாள் என் வீட்டுக்காரர் தைக்கிற துணியில் அளவுச் சோக்குக் கட்டியால் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "ரெண்டு வருஷத்தையும் மொத்தமாப் பாத்தா ஒனக்குத்தான் கூட வந்திரிக்கி. அவளுக்குக் குறைவு."

"அப்ப அவள்ட சுவர் ஏன் எழும்புது, என்ட கல் ஏன் பாசி பிடிச்சிக் கிடக்கு?"

"அவளுக்கு எவ்வளவு வரும் எண்டு தெரியும். தெரிஞ்சா ஆளுக்கு ஒரு திட்டம் வரும். நமக்கு வந்தா வெடி, வராட்டிப் பட்டினி."

அவர் சொன்னது சரி. சரியாகச் சொன்னதற்காக ஒரு கிழமை அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த நேரத்திலாவது என் பங்கில் ஒரு பாதியை விற்றுக் காக்காவிடம் போட்டிருக்கலாம். எத்தனையோ தடவை நினைத்தேன். ஆனால் அது தங்கச்சி செய்ததை நான் பின்பற்றியதாகிவிடுமே. மூத்தவள் நான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாமே தவிர அது முடியாது.

அவளுடைய மகளின் வீட்டுக்கு நிலை வைத்த நாளில் பாத்திஹா ஓதி, பால்சோறு பகிர்ந்தார்கள். எனக்குத் தலைவலி என்று படுத்துவிட்டேன். தலை வலிக்கவே இல்லை. படுத்தபடி கிடுகுக்குள்ளால் அந்தக் கதவு நிலையைப் பார்த்தேன், முதிரை மரம், நல்ல வேலைப்பாடு. என் மகள் பால்சோற்றைத் தின்றுகொண்டு வந்து, "உம்மா, நம்மட வீட்டுக்கு எப்ப நிலை வெக்கிற?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். நான் அவளை அடித்தேன்.

அந்த வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை நான் தற்செயலாகத் தங்கச்சியின் குசினியில் இருந்தேன். சைக்கிள் மணி அடித்தது. காக்கா உள்ளே வராமல் வாசலில் நின்றார். "இந்த மாசம் ஒம்பதுல ஏழு வலைக்கு ஒண்டும் படல்ல தங்கச்சி. பொட்டியும் முடிஞ்சி. பாதிதான் கொண்டு வந்திரிக்கன். மனசுல ஒண்டும் வெச்சிக்காதீங்க." தங்கச்சி, "தொழில் எண்டா அப்படித்தானே காக்கா" என்று சொல்லி வாங்கிக்கொண்டாள். கடப்பால் குனிந்து என் வீட்டுக்கு வரும்போதே எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அன்று நானே தேங்காய்ப்பால் விட்டுக் கஞ்சி காய்ச்சினேன்.

அடுத்த நோன்பில்தான் அந்த வேலையைச் செய்தேன். நோன்பு மாதத்தில் எங்கள் தெருவில் பெரிய வளவுள்ள ஒரு வீட்டில் பெண்களுக்கு பயான் என்ற மார்க்கச் சொற்பொழிவு நடக்கும். மார்க்கம் படித்த ஹஸ்ரத் திரைக்கு அந்தப் பக்கம் கதிரையில் இருந்து பேசுவார், நாங்கள் இந்தப் பக்கம் பாயில் இருப்போம். மார்க்கத்தில் சந்தேகம் இருந்தால் துண்டுக் கடுதாசியில் எழுதித் திரைக்குக் கீழால் தள்ளிவிடலாம். யார் எழுதியது என்று அவருக்கும் தெரியாது, மற்றவர்களுக்கும் தெரியாது. அப்படித்தான் மாதவிடாய், நோன்பு, மாமியார் பிரச்சினை எல்லாம் கேட்பார்கள். நான் வீட்டில் வைத்தே எழுதிக்கொண்டு போனேன். "ஒருவரிடம் முதல் கொடுத்திருக்கிறோம். மீன் பட்டாலும் படாவிட்டாலும், கடல் கொந்தளித்தாலும், மாதம் பிறந்தால் அவர் ஒரே தொகையைத் தருகிறார். இது ஆகுமா?"

பெட்டியைப் பற்றி எழுதவில்லை. பாதி கொண்டுவந்த மாதத்தைப் பற்றி எழுதவில்லை. ஹஸ்ரத் கடுதாசியை உரக்க வாசித்துவிட்டுச் சொன்னார், "கேள்வியில் உள்ளபடியே விஷயம் இருக்குமானால், நட்டத்தில் பங்கில்லாமல் நிலையாக வருகிற பணம் வட்டிதான். அது வயிற்றுக்குள் போகிற நெருப்பு." அவர்மேல் குற்றம் இல்லை. கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்னார். கேள்வியில் உள்ளபடியே இருக்குமானால் என்று முன்னால் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பாயில் இருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மீன், கடல், மாதம் என்றால் அது யாருடைய காசு என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

பெருநாளைக்கு முன்பே பெண்கள் காக்காவின் கடை வாசலுக்குப் போய் முதலைத் திருப்பிக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அவர் கொப்பியைத் திறந்து காட்டினார். கொப்பி வாசிக்க யாருக்குப் பொறுமை, நெருப்பு என்று கேட்ட பிறகு. அவர் ஒன்பது வலைப் பங்கையும் அவசரத்துக்கு விற்றார். அவசரத்துக்கு விற்றால் விலை எப்படி இருக்கும். தன் கைக்காசையும் போட்டு எல்லோருக்கும் கொடுத்தார்.

தங்கச்சி கடப்பால் வந்தாள். கண் வீங்கி இருந்தது. "ராத்தா, என்ட புள்ளைக்கு நான் வட்டிச் சோத்தையா தீத்திக்கிட்டு இரிந்திருக்கன்? ஆர் ராத்தா இதக் கேட்டிருப்பாங்க?"

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முழு உண்மையையும் சொல்லி இருக்கலாம். அன்று எது வந்து என் நாக்கில் ஏறியதோ, "நான்தான் கேட்டன்" என்றேன். "ஒன்ட புள்ளைய நினைச்சித்தான் கேட்டன். நித்திரை இல்ல எனக்கு."

அவள் என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். என் கை அவளுடைய கண்ணீரில் நனைந்தது. நான் அதைச் சேலையில் துடைத்துக்கொண்டேன்.

காக்கா அவளுடைய முதலைக் கொண்டுவந்து கொடுத்த நாளில் நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். பத்தில் ஒன்று குறைந்திருந்தது, அதற்கு மன்னிப்புக் கேட்டார். போகும்போது, "பாதி தந்த மாசத்த ஒருத்தரும் ஹஸ்ரத்துக்குச் சொல்லல்ல போலிரிக்கி" என்று மட்டும் சொன்னார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார், மணி அடிக்கவில்லை.

இத்தோடு நிறுத்தி இருந்தால் நான் ஓர் அளவுக்குப் பாவி. என் வலையின் மடி, அதாவது மீன் வந்து சேருகிற பின்பகுதி, நைந்துபோய் இருந்தது. முதலாளி புது மடி போடக் காசு தேடினார். போடாவிட்டால் என் கால் பங்குக்கு விலையே இல்லை. தங்கச்சி காசைச் சேலைக்குள் முடிந்துகொண்டு, "இத என்ன செய்ற ராத்தா?" என்று கேட்டாள். நான், "என்ட வலையில போடு. மீன் பட்டா வரும், படாட்டி வராது. சுத்தமான ஹலால்" என்றேன். ஒரே வலையில் எல்லாவற்றையும் போடவேண்டாம் என்று காக்கா சொன்னது அவளுக்கு மறந்திருக்காது. ஆனாலும் ராத்தா நான் சொல்லிவிட்டேனே. என் வீட்டுக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அவளுக்கு மாசாமாசம் வேணும், ஒனக்குத் தெரியாதா" என்றார். ஒங்கட மெசினைப் பாத்துக்கங்க என்று சொல்லிவிட்டேன். அவளுக்கும் என்னைப் போலவே வரட்டும், அப்போதுதான் அவளுக்குத் தெரியும் என்பதுதான் என் மனசில் இருந்தது. அவளைப் பட்டினி போடவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. என்னைவிட நன்றாக இருக்கக்கூடாது என்றுதான் நினைத்தேன்.

புது மடி போட்டார்கள். வலைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. ஐப்பசி கடைசியில் காற்று மாறிவிட்டது, மற்ற எட்டுப் பேரும் தோணியை மேலே இழுத்துவிட்டார்கள். தூரத்தில் கீரி மீன் கூட்டம் கறுத்துத் தெரிகிறது என்று இவர் மட்டும் வலையை விட்டார். புயலில் விழுந்த தென்னை மரங்கள் அந்தக் கடலடியில் எத்தனையோ கிடந்தன. வலை அதில் மாட்டியது, கயிறு அறுந்தது, தோணி கவிழ்ந்தது. ஆட்கள் நீந்திக் கரைக்கு வந்துவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். வலை வரவில்லை. புது மடியும் வரவில்லை.

காக்காவின் ஒன்பது வலைப் பங்கிலேயே அவள் இருந்திருந்தால் ஒன்பதில் ஒன்று போயிருக்கும். பெட்டியில் இருந்து வாடை மாதக் காசும் வந்திருக்கும். இந்தக் கணக்கு எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவை இருக்கவில்லை.

அவளுடைய மகளின் வீடு கதவு நிலையோடு நின்றது. கூரை இல்லை. மழைக்குச் சுவர் ஊறியது. அவளோ, "அல்லாஹ்ட நாட்டம் ராத்தா, ஒங்கடயும் போயிற்றே" என்று என்னைத் தேற்றினாள். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்களில் இருந்து பெண்கள் வீட்டு வேலைக்கு அரபு நாடுகளுக்குப் போகத் தொடங்கி இருந்தார்கள். போகிறவர்களைப் பற்றி ஊர் ஒரு மாதிரியாகக் கதைக்கும். அவள் கறுப்பு அபாயா ஒன்றை என் வீட்டுக்காரரிடம் தைத்து வாங்கி, இழுப்புக்கார மாப்பிள்ளையையும் மகளையும் என் பொறுப்பில் விட்டு, ஜித்தாவுக்குப் போனாள். கூரைக்கும் மகளின் நகைக்கும் சேரும் வரை வரமாட்டேன் என்று சொன்னாள். முதல் மாதச் சம்பளம், பேங்க் இல்லாமல் ஆள் கை மாறி வருகிற உண்டியலில் வந்ததும், ஓடு இறங்கியது. மறுபடியும் என் வயிறு எரியத் தொடங்கியது. என் வீட்டுக்கு அப்போதும் நிலை வைக்கவில்லை.

போய் ஒரு வருஷமும் சில மாதங்களும் கழிந்து ஒரு கசெட் அனுப்பினாள். அங்கிருந்து வருகிறவர்கள் கடிதத்துக்குப் பதிலாகப் பேசிப் பதிந்து அனுப்புவது வழக்கம். அஸர் தொழுதுவிட்டு அவளுடைய வீட்டு மண்டபத்தில் எல்லோரும் கூடினோம். அவளுடைய மாப்பிள்ளை, எங்கள் மகள்மார் இரண்டு பேர், என் வீட்டுக்காரர், அக்கம்பக்கத்தார். மாப்பிள்ளைக்கு மருந்து, மகளுக்குப் புத்தி எல்லாம் சொல்லி முடித்து, பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ராத்தா, இது ஒங்களுக்கு. போன வெள்ளிக்கிழமை நான் மக்காவுக்குப் போனன். வீட்டுக்காரங்க உம்றாவுக்குப் போகக்குள்ள புள்ளையப் பாத்துக்க என்னையும் கூட்டிட்டுப் போனாங்க. கஃபாவக் கண்டதும் கேக்கிற முதல் துஆ கபூலாகும், அல்லாஹ் ஏத்துக்குவான் எண்டு சொல்வாங்கதானே. நான் வீட்டக் கேக்கல்ல. மகளுக்கு மாப்பிள்ளையக் கேக்கல்ல. என்ட ராத்தாவ நல்லா வெய்யி ரஹ்மானே எண்டுதான் கேட்டன். நீங்க அண்டைக்கு அதக் கேக்காட்டி, நான் இன்னும் வட்டியத்தான் என்ட புள்ளைக்குத் தீத்திக்கிட்டு இரிந்திருப்பன். காசு போனா உழைக்கலாம். எங்கள நரகத்துல இருந்து இழுத்தெடுத்தது நீங்க. இத எல்லாருக்கும் கேக்கப் போடச் சொல்லித்தான் பதியிறன்."

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லிவிடுகிறேன். அந்த இடத்திலும் என் நெஞ்சில் முதலில் எழும்பியது வெட்கம் இல்லை. இவள் எனக்கு முன்னால் கஃபாவைக் கண்டுவிட்டாளே என்பதுதான் எழும்பியது. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். தங்கச்சியின் மகள் எழும்பி வந்து என் பக்கத்தில் இருந்து, தன் உம்மாவைப் போலவே என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். கசெட்டில் தங்கச்சி எனக்காக நீளமாக ஒரு துஆ ஓதினாள். ஓதி முடிந்ததும் மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் ஆமீன் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். நானும் ஆமீன் சொன்னேன்.